ஒரு நாள் போதாதா, ஆத்ரேயா?

விக்ரம் குமார் இயக்கிய ‘24’ படத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை 2016 மே மாதம், படம் வெளியான அதே வாரம். லிவர்மோரிலிருந்து இரண்டு கார்களில் கிளம்பி ஃப்ரீமான்ட் பக்கம் ஒரு தியேட்டருக்குப் போனோம். மூன்று சூர்யா, ரஹ்மான் இசை, காலத்தைத் திருப்பும் கைக்கடிகாரம். வேறென்ன வேண்டும்? விசில் அடித்தவர்களில் நானும் ஒருவன். திரும்பி வரும்போது காரில், படம் கொஞ்சம் நீளம் என்று மட்டும் பேசிக்கொண்டோம்.

இரண்டாவது முறை சென்ற மாதம், வீட்டு சோபாவில், பதினான்கு வயது மகளுடன். அவளுக்குக் காலப்பயணக் கதைகள் பிடிக்கும். தமிழில் இப்படி ஒன்று இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லி உட்கார வைத்தேன். பாதிப் படத்திலேயே அந்தப் பெருமை கரைந்துவிட்டது. படம் மாறவில்லை. இரண்டு முறைக்கும் நடுவில் எங்கள் வீட்டில் ஒரு சாவு நடந்திருந்தது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1990-இல் சேதுராமன் என்ற விஞ்ஞானி ஒரு கைக்கடிகாரத்தைச் செய்கிறார். அதைக் கட்டிக்கொண்டவர் 24 மணி நேரத்துக்குள் காலத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அவருடைய இரட்டைச் சகோதரன் ஆத்ரேயா அதைப் பறிக்க வருகிறான். சேதுராமனின் மனைவி சாகிறாள், அவரும் சாகிறார். சாவதற்கு முன் ஓடும் ரயிலில் ஒரு பெண்ணின் கையில் குழந்தையைக் கொடுத்துவிடுகிறார். 26 ஆண்டுகள் கழித்து அந்தக் குழந்தை மணி, சென்னையில் கடிகாரம் பழுது பார்ப்பவன். கோமாவில் கிடந்த ஆத்ரேயா கண் விழித்துச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கடிகாரத்தைத் தேடுகிறான். மூன்று பேரும் சூர்யாதான்.

குறை சொல்லப் போகிறேன் என்பதால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் வரும் 1990-ஆம் ஆண்டுத் துரத்தல் இன்றைக்குப் பார்த்தாலும் அலுக்கவில்லை. திருவின் ஒளிப்பதிவுக்கும் படத்தின் தயாரிப்பு வடிவமைப்புக்கும் தேசிய விருது கிடைத்தது, இரண்டும் தகுதியான விருதுகள். ஆத்ரேயாவாக சூர்யா உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்ணாலும் குரலாலும் மிரட்டுகிறார். கதையிலும் ஒரு திருப்பம் உண்மையிலேயே அபாரம். ஆத்ரேயா மணியைக் கொன்று கடிகாரத்தைக் கைப்பற்றிவிடுகிறான். அதன்பிறகுதான் அது ஒரு நாளுக்கு மேல் பின்னால் போகாது என்று அவனுக்குத் தெரிகிறது. 26 வருடத்தைத் திரும்பப் பெற வந்தவனுக்கு ஒரே ஒரு நாள்! உடனே அந்த ஒரு நாளைப் பயன்படுத்தி, தான் கொன்றவனைத் திரும்ப உயிருடன் கொண்டு வருகிறான், கடிகாரத்தைச் சரி செய்ய அவனுக்கு ஒரு மெக்கானிக் வேண்டும் என்பதற்காக. வில்லனே நாயகனுக்கு உயிர் கொடுக்கிறான். எழுதியவருக்கு ஒரு சபாஷ் போட்டேன், இரண்டாவது முறையும்.

அந்தத் திருப்பம் ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது? அங்கே மட்டும்தான் 24 என்ற எண்ணுக்கு மதிப்பு இருக்கிறது. படத்தின் பெயரே ஓர் எல்லை. இவ்வளவுதான் போகலாம், இதற்கு மேல் முடியாது என்கிற எல்லை. காலப்பயணக் கதை உட்கார்ந்திருப்பதே அந்த ‘முடியாது’ மீதுதான். எங்கள் வேலையில் ரோல்பேக் என்று ஒன்று உண்டு. புது மென்பொருளை இரவில் ஏற்றுவோம், சொதப்பினால் பழைய நிலைக்குத் திருப்புவோம். ஆனால் எதுவரை திருப்ப முடியும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்போம். அந்த நேரம் தாண்டிவிட்டால் முன்னால்தான் போக வேண்டும், கைவசம் இருக்கும் குப்பையோடு. அந்த நேரம் நெருங்கும்போதுதான் அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் வியர்க்கும். ‘எப்போது வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம்’ என்றால் எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவார்கள்.

‘24’ செய்வது அதைத்தான். மணி அந்தக் கடிகாரத்தைத் திருத்துகிறான், அது எந்தத் தேதிக்கும் போகும் கருவியாகிவிடுகிறது. சேதுராமனால் முடியாதது மகனால் எளிதாக முடிந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் படத்தின் தலைப்பே பொய்யாகிப் போகிறது. அதன்பிறகு யார் செத்தாலும் எனக்குப் பதற்றமில்லை. திருப்பிக்கொள்ளலாமே!

கடிகாரம் என்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பாவிடம் சாவி கொடுக்கும் எச்.எம்.டி. கடிகாரம் ஒன்று இருந்தது. காலையில் காப்பி குடித்த கையோடு சாவி கொடுப்பார். எண்ணி வைத்தது போல அத்தனை சுற்று, கூடவும் செய்யாது குறையவும் செய்யாது. ஒரு நாள் மறந்தால் மறுநாள் எப்போதோ நின்றுவிடும். சாவி கொடுக்கும் கடிகாரத்தின் ஆயுளே கிட்டத்தட்ட ஒரு நாள்தான், சில கடிகாரங்கள் ஒன்றரை நாள் தாக்குப் பிடிக்கும். அந்தச் சுருள்வில்லுக்குள் அவ்வளவுதான் அடங்கும். ஆகவே 24 மணி நேரம்தான் திருப்ப முடியும் என்ற யோசனை ஒரு கடிகாரத்தின் வயிற்றிலிருந்தே பிறக்கக்கூடியது. விஞ்ஞானமாக இல்லாவிட்டாலும் கவிதையாகவாவது இருந்திருக்கும். மணி கடிகாரக்காரன். தன் கடமை அது என்று படம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். சொல்கிறானே தவிர, அந்த வேலையை அவன் கையில் நாம் பார்ப்பதில்லை. தஞ்சாவூரில் எங்கள் தெருமுனையில் இருந்த வாட்ச் ரிப்பேர் கடைக்காரர் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு மூச்சை அடக்கிக் குனிவார். அந்த மூச்சடக்கல் ஒன்று, ஒரே ஒரு காட்சியில் இருந்திருந்தால் கடிகாரம் திருந்தியதை நான் நம்பியிருப்பேன். இந்தப் படம் வெளியான அதே 2016-இன் தொடக்கத்தில்தான் எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 1961-இலிருந்து கைக்கடிகாரம் செய்துவந்த நிறுவனம். ஒரு தலைமுறை காலையில் சாவி கொடுக்கும் பழக்கத்தை விட்ட வருடத்தில் தமிழில் ஒரு கடிகாரப் படம் வந்தது. ஆனால் அதற்குக் கடிகாரத்தின் மேல் அக்கறை இல்லை.

காதல் காட்சிகளுக்கு வருவோம். கையில் காலத்தைத் திருப்பும் கருவி கிடைத்ததும் மணி செய்வது, சமந்தாவைக் காதலிக்க வைப்பது. அவள் என்ன சொல்வாள் என்று தெரிந்துகொண்டு, காலத்தைத் திருப்பி, முன்கூட்டியே சொல்லி அசத்துகிறான். காலத்தை நிறுத்துகிறான், தனக்கு ஏற்றபடி மாற்றி வைக்கிறான். 2016-இல் சிரித்தோம். இந்த முறை மகள் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “அப்பா, இது க்ரீப்பியா இருக்கு” என்றாள். “அவளுக்கு எதுவுமே தெரியாதே. அவன் மட்டும் பார்த்துட்டு வந்து பதில் எழுதுறான்.” பரீட்சையில் காப்பி அடிப்பது போல என்கிறாள். என்னிடம் பதிலில்லை. 1993-இல் வந்த ‘கிரவுண்ட்ஹாக் டே’ படத்திலும் பில் மர்ரே இதே வித்தையைத்தான் செய்து பார்ப்பார், ஒரே நாளைத் திரும்பத் திரும்ப வாழ்ந்து அந்தப் பெண்ணின் விருப்பங்களை மனப்பாடம் செய்வார். ஒவ்வொரு இரவும் கன்னத்தில் அறை வாங்குவார். அந்த அறைகள்தான் அந்தப் படத்தின் முதுகெலும்பு. எத்தனை முறை திருப்பினாலும் எதிரில் இருப்பவள் ஒரு மனுஷி, விடைத்தாள் இல்லை என்று அந்தப் படத்துக்குத் தெரியும். ‘24’-இல் சமந்தாவுக்கு அறைய ஒரு வாய்ப்பும் தரப்படவில்லை. அவர் வியக்கிறார், பாட்டு வருகிறது, மறுபடி வியக்கிறார். இரண்டே முக்கால் மணி நேரப் படத்தில் இந்த வியப்பு எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்து, விட்டுவிட்டேன்.

லிவர்மோருக்கு வரும் விருந்தாளிகளைக் கோவிலுக்குக் கூட்டிப் போன பிறகு தீயணைப்பு நிலையத்துக்கும் கூட்டிப் போவது எங்கள் வழக்கம். அங்கே 1901-இலிருந்து எரிந்துகொண்டிருக்கும் ஒரு மின்விளக்கு இருக்கிறது. கூரையிலிருந்து தொங்கும் சின்ன பல்பு, மங்கலான வெளிச்சம், பார்த்ததும் ‘இவ்வளவுதானா?’ என்பார்கள். 2013 மே மாதம் ஓர் இரவு அது அணைந்துவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு வருடம் எரிந்தது முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் இருட்டு. பிறகு பார்த்தால் பல்பில் ஒரு கோளாறும் இல்லை. அதற்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்த யூ.பி.எஸ். பெட்டிதான் செத்திருந்தது. ‘24’ பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சம்பவம் ஞாபகம் வருகிறது. கருவில் கோளாறில்லை. நட்சத்திரப் படம் என்ற பெட்டி வழியாக அதற்கு மின்சாரம் கொடுத்தார்கள்.

இப்போது என் கதை. சில வருடங்களுக்கு முன் பிப்ரவரி மாதம். ஒரு வாடிக்கையாளருக்குப் பெரிய கட்ஓவர், வார இறுதி முழுவதும் லேப்டாப் முன்னால். ஞாயிறு இரவு பத்து மணிக்கு அப்பா கூப்பிட்டார், அங்கே திங்கள் காலை பதினொன்றரை. அவர் காரணமில்லாமல் கூப்பிடுபவர் இல்லை, காரணத்தைச் சொல்பவரும் இல்லை. போனை எடுத்து, “அப்பா, வேலையில் இருக்கேன், நாளைக்குக் கூப்பிடட்டா?” என்றேன். “சரிப்பா, ஒண்ணுமில்ல, நீ பாரு” என்றார். திங்கள் இரவு ஒன்பது மணிக்கு அண்ணன் கூப்பிட்டான். மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, கிளம்பு என்றான். கிளம்பினேன். பாதி வழியில், விமானம் மாறும் இடத்தில், வைஃபை கிடைத்த ஐந்தாவது நிமிடம் தெரிந்தது. பிறகு இன்னொரு விமானம், சென்னையிலிருந்து தஞ்சாவூருக்குக் கார். ஐஸ் பெட்டிக்குள் எனக்காகக் காக்க வைத்திருந்தார்கள்.

ஞாயிறு இரவு பத்திலிருந்து திங்கள் இரவு ஒன்பது வரை 23 மணி நேரம். நான் கணக்குப் போட வேண்டும் என்று போடவில்லை. அந்த இரண்டாவது விமானத்தில் வேறு வேலை இல்லை. அண்ணன் கூப்பிட்ட கையோடு சேதுராமனின் கடிகாரம் என்னிடம் இருந்திருந்தால், அது போதும். எந்தத் தேதிக்கும் போகும் கடிகாரம் எனக்கு வேண்டாம். அப்பா அதனால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. போனை வைத்திருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

இந்த இதழைப் படிக்கும் பலருக்கும் இப்படி ஒரு 23 மணி நேரம் இருக்கும். இங்கிருந்து ஊருக்குப் போய்ச் சேர ஆகும் நேரமும் ஏறக்குறைய ஒரு நாள்தான். அதனால்தான் இந்தப் படத்தின் மேல் எனக்கு இவ்வளவு கோபம் போலிருக்கிறது. தற்செயலாகவோ தெரிந்தோ, நம்முடைய அளவை அது கையில் எடுத்திருந்தது. ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால், ஒரு நாள் முன்னால் கிளம்பியிருந்தால் என்று மனிதர்கள் புலம்பும்போது சொல்லும் அதே ஒரு நாள். யாரும் ‘26 வருடம் முன்னால்’ என்று புலம்புவதில்லை.

இல்லை, ஒருவன் புலம்புகிறான். அவன்தான் ஆத்ரேயா. இரண்டாவது முறை பார்க்கும்போது என்னைத் தொட்டது அவன்தான், சொல்ல வெட்கமாக இருந்தாலும். தூங்கி எழுந்தால் 26 வருடம் போய்விட்டது. உடம்பு கிழடாகிவிட்டது. ஊர் மாறிவிட்டது. விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்கிறான். மீனம்பாக்கத்தில் இறங்கி, அண்ணா சாலை எங்கே போயிற்று என்று டாக்சிக்காரரிடம் சண்டை போடும் என் நண்பர்கள் எல்லோரும் ஆத்ரேயாக்கள்தான். நம் புராணத்தில் ரைவதன் என்ற ககுத்மி ராஜா, மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரம்ம லோகம் போய், அங்கே சற்று நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பினால், பூமியில் 27 சதுர்யுகங்கள் ஓடியிருக்கும். அவர் மனதில் வைத்திருந்த மாப்பிள்ளைகளும் இல்லை, அவர்களின் வம்சமும் இல்லை. பாட்டி சொன்னபோது வேடிக்கையாக இருந்தது. விசா முத்திரை குத்திய பாஸ்போர்ட்டோடு இங்கே வந்த பிறகுதான் அது யார் கதை என்று புரிந்தது. ராஜா ஏற்றுக்கொண்டு பலராமனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு நகர்கிறார். ஆத்ரேயா ஏற்றுக்கொள்ள மறுக்கிறான். அந்த மறுப்பை இரண்டு காட்சி கூடுதலாகத் தங்கிப் பார்த்திருந்தால் தமிழில் மறக்க முடியாத ஒரு வில்லன் கிடைத்திருப்பான். படத்துக்கு நேரமில்லை. அவனை உறுமவிட்டு, ஆள்மாறாட்டத்துக்கு அனுப்பிவிடுகிறது.

அந்த ஆள்மாறாட்டமே எவ்வளவு பெரிய இடம்! அப்பாவையே அறியாத மணியிடம் ஆத்ரேயா அப்பாவாக வந்து நிற்கிறான். கொலைகாரனுக்கும் அப்பாவுக்கும் ஒரே முகம். மூன்று வேடங்களையும் ஒரே நடிகருக்குக் கொடுத்ததற்கு அந்த ஒரு காட்சியே நியாயம் ஆகியிருக்க வேண்டும். பொய்யான அப்பா என்று தெரிந்தாலும் ஒரு நிமிடம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று ஒரு மகனுக்குத் தோன்றாதா? எனக்குத் தோன்றும். படம் அதை ஒரு வித்தையாக மட்டும் நடத்துகிறது. யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்ற கணக்கிலேயே அதன் கண்.

பட்ஜெட் இல்லாததால்தான் தமிழில் காலப்பயணம் சரிவருவதில்லை என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். ‘24’-க்கு ஒரு வருடம் முன்னால் 2015-இல் ஆர். ரவிகுமாரின் ‘இன்று நேற்று நாளை’ வந்தது, இதைவிட மிகச் சிறிய படம். இரண்டு வெட்டி ஆசாமிகள் கையில் கால இயந்திரம் கிடைக்கிறது. தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள். அப்போது சாக வேண்டிய ஒரு ரவுடி இவர்கள் தலையிட்டதால் பிழைத்துவிடுகிறான், அங்கிருந்து எல்லாம் கோணலாகிறது. விளையாட்டாகச் செய்ததற்கும் விலை உண்டு என்று அந்தப் படத்துக்குத் தெரியும். 2021-இல் வந்த வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ சண்டைப் படம்தான், சத்தமும் அதிகம்தான். ஆனால் துபாயிலிருந்து வரும் நாயகன் ஒவ்வொரு முறை சாகும்போதும் மறுபடி அதே விமான இருக்கையில்தான் கண் விழிக்கிறான். விதி ஒன்றே ஒன்று, கடைசி வரை அதை மீறுவதில்லை. 2022-இல் வந்த ‘கணம்’ இவை எல்லாவற்றையும்விட அமைதியான படம். செத்துப்போன அம்மாவைப் பார்க்க மகன் 1998-க்குப் போகிறான். அமலா கதவைத் திறக்கும்போது நான் எழுந்து சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். இந்த மூன்று படங்களுக்கும் ஓட்டைகள் உண்டு, பௌதிகம் தெரிந்தவர்கள் சிரிக்கலாம். பௌதிகம் என் கவலை இல்லை.

என் கவலை சத்யபாமா. ரயிலில் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, தான் பெறாத பிள்ளையை 26 வருடம் வளர்த்தவர். சரண்யா பொன்வண்ணன் நடித்திருக்கிறார், நம் சினிமாவின் வழக்கமான அம்மாதான், அதே கொஞ்சல், அதே அதட்டல். ஆனாலும் இந்தப் படத்தில் காலம் உண்மையிலேயே கழிந்த ஒரே இடம் அவருடைய வீடு. ஆத்ரேயா தூங்கிக்கொண்டிருந்த 26 வருடமும் இங்கே இந்தப் பெண் அடுப்பு மூட்டியிருக்கிறார், பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார், காய்ச்சலுக்கு நெற்றியில் துணி போட்டிருக்கிறார். உச்சக்கட்டத்தில் காலம் 1990-க்கே திரும்புகிறது. மணி மறுபடி ரயிலில் கைக்குழந்தை. வில்லனுக்குத் தோல்வி, கதைக்கு சுபம். தியேட்டரில் நாங்கள் கைதட்டினோம். ஆத்ரேயா இழந்த 26 வருடத்துக்காக இரண்டே முக்கால் மணி நேரம் கத்தியது இந்தப் படம். சத்யபாமா வாழ்ந்த 26 வருடத்தை அழித்தபோது ஒரு ஷாட்கூட நின்று பார்க்கவில்லை.

எழுத்துகள் ஓட ஆரம்பித்ததும் மகள் கேட்டாள், “அப்போ அந்த அம்மா அவனை வளர்த்ததெல்லாம்?”

“அது இனிமே நடக்கவே இல்லை.”

“அவங்களுக்கு ஞாபகம் இருக்குமா?”

“இருக்காது.”

“அவனுக்கு?”

“அவன் கைக்குழந்தைம்மா.”

“அப்போ யாருக்குமே தெரியாதா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போர்வையை இழுத்துக்கொண்டாள். நான் சோபா இடுக்கில் ரிமோட்டைத் தேடினேன்.